பேரரசுகளும் அவற்றை எதிர்த்தவர்களும்: திரும்ப வருவது எது, வராதது எது

1968 ஜனவரிக் கடைசியில் வெள்ளை மாளிகையின் அடித்தள அறை ஒன்றில் ஒரு மலைப்பகுதியின் மாதிரியை வைத்திருந்தார்கள். தென் வியட்நாமின் வடமேற்கு மூலையில் இருந்த கே சான் என்ற அமெரிக்கத் தளத்தின் மாதிரி அது. தளத்துக்குள் சுமார் 6,000 பேர், சுற்றிலும் வட வியட்நாம் படைகள். அதிபர் லிண்டன் ஜான்சன் அடிக்கடி இறங்கி வந்து அந்த மாதிரியைப் பார்ப்பார். தளம் விழாது என்று முப்படைத் தலைமைத் தளபதிகளிடம் எழுத்திலேயே உறுதி வாங்கி வைத்திருந்தார். அவர் பயந்தது கே சானைப் பார்த்து மட்டுமல்ல. 14 ஆண்டுகளுக்கு முன் அதே நாட்டில் விழுந்த வேறொரு தளத்தின் பெயர் அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது: தியென் பியென் பூ.

1954இல் பிரெஞ்சுப் படை அங்கே ஒரு பள்ளத்தாக்கில் தளம் போட்டிருந்தது. சுற்றியிருக்கும் மலைகளில் எதிரியால் பீரங்கி ஏற்ற முடியாது, அப்படியே ஏற்றினாலும் நமது பீரங்கிகள் அவற்றை நொறுக்கிவிடும் என்பது பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு. வியட்நாம் விடுதலைப் படையின் தளபதி கியாப்பின் ஆட்கள் பீரங்கிகளைக் கயிறு கட்டிக் கையால் இழுத்தே மலை ஏற்றினார்கள். அரிசியும் தோட்டாவும் சைக்கிள்களில் வந்து சேர்ந்தன. மார்ச் 13இல் தாக்குதல் தொடங்கிய சில நாட்களிலேயே விமான ஓடுதளம் பயன்படாமல் போனது. பிரெஞ்சு பீரங்கிப் பிரிவின் தலைவர் கையெறி குண்டை வெடிக்கவைத்துத் தற்கொலை செய்துகொண்டார். மே 7இல் தளம் விழுந்தது. அதோடு இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சியும் முடிவுக்கு வந்தது.

அதே நாடு, எதிரில் அதே கியாப், அதே மாதிரி மலை சூழ்ந்த தளம். இதைப் பார்த்து வரலாறு திரும்புகிறது என்று நினைக்காமல் இருப்பது கஷ்டம்தான். ஆனால் கே சான் விழவில்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் இல்லாத அளவுக்கு விமானங்கள் அமெரிக்கர்களிடம் இருந்தன. பி-52 குண்டுவீச்சு விமானங்கள் சுற்றுவட்டாரத்தையே உழுதுவிட்டன. முற்றுகை 77 நாள் நீடித்தது. ஜூலையில் அமெரிக்கர்கள் தாங்களே தளத்தைத் தகர்த்துவிட்டுக் கிளம்பினார்கள். இதற்கிடையே, எல்லோருடைய கண்ணும் கே சான் மேல் இருந்தபோது, ஜனவரி 30, 31 தேதிகளில் தென் வியட்நாமின் நகரங்கள் மீது ஒரே நேரத்தில் தாக்குதல் நடந்தது. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்தார்கள். கே சான் வெறும் திசைதிருப்பலா, உண்மையிலேயே அதைப் பிடிக்க நினைத்தார்களா என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். எப்படியிருந்தாலும், அமெரிக்காவில் அந்தப் போரின் மீதான நம்பிக்கை நொறுங்கியது நகரத் தாக்குதல்களால்தான்.

பழைய கதையை மனதில் வைத்துப் புதிய கதையைப் படித்துக் கோட்டைவிட்டவர் ஜான்சன் மட்டுமில்லை. 1956 ஜூலையில் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும், பிரிட்டிஷ் பிரதமர் ஆந்தனி ஈடனுக்கு அவர் முசோலினி போலவும் ஹிட்லர் போலவும் தெரிந்தார். 1930களில் விட்டுக்கொடுத்ததால்தானே உலகப் போர் வந்தது, இந்த முறை விடக்கூடாது என்று பிரான்சையும் இஸ்ரேலையும் சேர்த்துக்கொண்டு இறங்கினார். அமெரிக்கா பணத்தை வைத்து நெருக்கியது. சில வாரங்களில் படை திரும்பியது. அடுத்த ஜனவரியில் ஈடன் பதவி விலகினார். 1956இல் உலகின் பணம் யார் கையில் இருந்தது என்பதை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938ஆம் ஆண்டின் பாடம் அவருக்குச் சொல்லவில்லை.

எனவே "வரலாறு திரும்புகிறதா" என்ற கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மக்கள் கேட்க வருவது முடிவைப் பற்றி: பேரரசு கடைசியில் தோற்றே தீருமா? இந்தக் கேள்விக்கு வரலாறு தரும் பதில் எதிர்ப்பாளர்களுக்கு அவ்வளவு ஆறுதலானது இல்லை. ஆனால் முடிவை விட்டுவிட்டு, இரு தரப்பும் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால் நிலைமை வேறு. அங்கே திரும்புதல் நிறையவே இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது.

முதலில் முடிவு. "பேரரசுகளின் கல்லறை" என்று ஆப்கானிஸ்தானைச் சொல்வார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது அந்தச் சொற்றொடர் மறுபடி ஊரெல்லாம் சுற்றியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலெக்சாண்டருக்குப் பின் வந்த கிரேக்கர்கள், மௌரியர்கள், குஷாணர்கள், மங்கோலியர்கள், தைமூர் வம்சத்தவர், முகலாயர் எனப் பலர் அந்த நிலத்தின் பெரும்பகுதியை நெடுங்காலம் ஆண்டிருக்கிறார்கள். முகலாயப் பேரரசை நிறுவிய பாபர் காபூலில் இருந்துதான் டெல்லிக்கு வந்தார். அவருடைய சமாதியும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கணக்கில் அது பேரரசுகளின் தொட்டிலும்கூட.

அந்தச் சொற்றொடருக்கு உயிர் கொடுத்தது 1842. முன்னாள் ஆப்கான் மன்னர் ஷா ஷுஜாவை அரியணையில் உட்காரவைக்கக் காபூலுக்குப் போன பிரிட்டிஷ் படை, அந்த ஜனவரியில் பனியில் பின்வாங்கியது. சுமார் 4,500 சிப்பாய்கள், கூட ஏறத்தாழ 12,000 பணியாட்களும் குடும்பத்தினரும். வழியில் கணவாய்களில் கிட்டத்தட்ட எல்லோரும் கொல்லப்பட்டார்கள், அல்லது குளிரில் செத்தார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். ஜனவரி 13இல் ஜலாலாபாத் கோட்டைக்கு மருத்துவர் வில்லியம் பிரைடன் அடிபட்ட குதிரையில் தனியாக வந்து சேர்ந்தார்.

இந்தக் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய அக்டோபரில் நடந்தது பலருக்கு நினைவில் இல்லை. கணவாய்களைத் திறந்து வைத்திருப்பதற்காக அங்கிருந்த கில்சாய் என்ற பழங்குடியின் தலைவர்களுக்கு பிரிட்டிஷார் பணம் கொடுத்து வந்தார்கள். கல்கத்தாவிலிருந்து செலவைக் குறைக்கச் சொல்லி நெருக்கடி வந்தது. காபூலில் இருந்த பிரிட்டிஷ் தூதர் மெக்நாட்டன் அந்தத் தொகையை வெட்டினார். கில்சாய்கள் கணவாயை அடைத்தார்கள். பட்ஜெட் கூட்டத்தில் எடுக்கிற முடிவு மாதிரி ஒன்றுதான், அதற்குப் பின் நடந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டது. நாற்பது வருடம் கழித்து இரண்டாம் ஆப்கான் போருக்குப் பின் பிரிட்டிஷார் இதைப் புரிந்துகொண்டதாகத் தெரிகிறது. 1880இல் மைவாண்டில் மோசமாகத் தோற்றார்கள், ஐந்து வாரத்தில் காந்தஹாரில் ஜெயித்தார்கள், ஆனால் நாட்டை ஆள நிற்கவில்லை. அப்துர் ரஹ்மானை அரசராக ஏற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் பணம் கொடுத்து, வெளியுறவை மட்டும் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு 1919 வரை ஓடியது. இதைத் தோல்வி என்பதா, மலிவான வெற்றி என்பதா?

வென்றவர்களின் கதைதான் நமக்கு அதிகம் தெரியும் என்பது இங்கே பெரிய சிக்கல். தோற்ற எதிர்ப்பாளர்களைப் பற்றி எழுத ஆளே மிஞ்சாத இடங்கள் உண்டு. 1750களில் சீனாவின் சிங் பேரரசு மத்திய ஆசியாவின் ஜுங்கார் மக்களை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கியது. காகசஸில் இமாம் ஷாமில் கால் நூற்றாண்டு ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்டு 1859இல் சரணடைந்தார். ஐந்து ஆண்டுகளில் சர்க்கேசியர்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் வழியே வெளியேற்றப்பட்டார்கள். இன்றைய நமீபியாவில் 1904இல் எழுந்த ஹெரேரோக்களைப் பாலைவனத்துக்குள் துரத்தியது ஜெர்மன் படை. அந்த இனத்தில் பெரும்பாலோர் மாண்டார்கள். நம் பக்கத்தில் 1799இல் கயத்தாறில் கட்டபொம்மன், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். சின்ன மருது அந்த 1801 ஜூனில் வெளியிட்ட அறிக்கை பாளையக்காரர்களோடு நிற்காமல் எல்லாச் சாதியினரையும் நாடுகளையும் அழைத்தது. காலத்தை முந்திய அறிக்கைதான். ஆனால் நான்கே மாதத்தில் அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள்.

சரி, ஏன் சில இடங்களில் ஒரு முடிவும் வேறு இடங்களில் வேறு முடிவும் வந்தன? வீரம், மலை, காடு என்று காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தோற்றவர்களிடமும் வீரம் இருந்தது, மலையும் இருந்தது.

ஆயுத இடைவெளி ஒரு காரணம். 1898 செப்டம்பரில் சூடானின் ஓம்துர்மானில் ஒரே காலைப் பொழுதில் மஹ்தி என்ற மதத் தலைவரின் இயக்கத்துப் படையினர் 10,000 பேருக்கு மேல் செத்தார்கள். பிரிட்டிஷ்-எகிப்தியத் தரப்பில் 50 பேர்கூட இல்லை. மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியின் வேலை அது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால்தான் எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக் அட்வாவில் இத்தாலியைத் தோற்கடித்திருந்தார். அவர் பல ஆண்டுகளாக ஐரோப்பியத் துப்பாக்கிகளை வாங்கிக் குவித்திருந்தார், அதில் இத்தாலியிடமிருந்து வந்தவையும் அடக்கம். தென்னாப்பிரிக்காவின் ஜூலுக்கள் 1879 ஜனவரியில் இசாண்டுல்வானாவில் ஒரு பிரிட்டிஷ் படையை ஈட்டியால் முடித்துக்கட்டினார்கள். ஆனால் ஜூலையில் அவர்கள் தலைநகரம் எரிந்தது. ஒரு சண்டையில் ஜெயிப்பது வேறு, அடுத்த கப்பலில் வரும் படையையும் தாங்குவது வேறு.

இருபதாம் நூற்றாண்டில் அந்த இடைவெளி குறைந்தது. துப்பாக்கி, வெடிமருந்து, வானொலி எல்லாம் எல்லோர் கைக்கும் வந்தன. இரண்டு உலகப் போர்கள் ஐரோப்பியக் கஜானாக்களைக் காலி செய்தன. அப்புறம் பனிப்போர் வந்தது. எதிர்ப்பவருக்குப் பணமும் ஆயுதமும் தர எப்போதும் ஒரு வல்லரசு தயாராக இருந்தது. 1945க்குப் பின் பேரரசுகள் வரிசையாகத் தோற்றதற்கு இந்தச் சூழல்தான் பெரிய காரணம். இதை மறந்துவிட்டு, அந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நடந்ததையே எல்லாக் காலத்துக்கும் பொதுவான விதி போலப் பேசுகிறோம்.

இதில் என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது எல்லை. வென்ற எதிர்ப்பாளர்களில் பெரும்பாலோருக்குப் பின்னால் திறந்த எல்லை ஒன்று இருந்தது. 1949இல் சீனாவில் மாவோ ஜெயித்த பிறகுதான் வியட்நாமுக்குப் பீரங்கிகள் வரத் தொடங்கின. தியென் பியென் பூவில் மலை ஏறியவற்றில் பல அந்த வழியே வந்தவை. சோவியத் படையை எதிர்த்த ஆப்கான் முஜாஹிதீன்களுக்குப் பாகிஸ்தான் இருந்தது. அமெரிக்கப் புரட்சிக்காரர்களுக்குக் கடல்தான் எல்லை. 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது, பிரெஞ்சுக் கடற்படை விரிகுடாவின் வாயை அடைத்து நின்றதால். எல்லை மூடினால் என்ன ஆகும் என்பதற்குக் கிரீஸ் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகள் யூகோஸ்லாவியாவைப் பின்புலமாக வைத்துப் போரிட்டார்கள். 1949 ஜூலையில் டிட்டோ எல்லையை அடைத்தார். இரண்டு மூன்று மாதங்களில் கதை முடிந்தது.

எல்லை மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. அல்ஜீரியாவில் பிரான்ஸ் துனிசிய எல்லை நெடுக மின்வேலியும் கண்ணிவெடியும் போட்டு ஆயுத வரவை ஏறத்தாழ நிறுத்திவிட்டது. 1960 வாக்கில் உள்ளே இருந்த போராளிக் குழுக்கள் நைந்துபோயிருந்தன. ராணுவக் கணக்கில் பிரான்ஸ் தோற்கவில்லை. ஆனாலும் 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. எட்டாண்டுப் போர், சித்திரவதை பற்றிய செய்திகள், உள்நாட்டிலேயே ராணுவக் கலகம், ஐ.நா.வில் தலைகுனிவு. இத்தனையும் கொடுத்து எதை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று பிரெஞ்சு அதிபர் டி கோல் கேட்டுக்கொண்டார். அல்ஜீரியர்களுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. பாரிஸுக்கு அது பல பிரச்சினைகளில் ஒன்று. இந்த வித்தியாசம் ஒவ்வொரு பேரரசுப் போரிலும் இருக்கிறது. ஆனால் அது எப்போது வேலை செய்யும் என்பது பேரரசின் தலைநகரில் யார் கேள்வி கேட்க முடியும் என்பதைப் பொறுத்தது. ஜுங்கார்களுக்காகக் கேள்வி கேட்கப் பெய்ஜிங்கில் யாரும் இருக்கவில்லை.

இப்படி முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆனால் வழிமுறைகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரே ஒரு வழிமுறையை எடுத்துப் பின்தொடர்ந்து பார்ப்போம்: போராளிகளைப் பிடிக்க முடியாதபோது, அவர்களுக்குச் சோறு போடும் கிராமத்து மக்களை மொத்தமாகப் பெயர்த்து வேலிக்குள் அடைப்பது.

1896இல் கியூபாவில் ஸ்பானிய ஆளுநர் வெய்லர் இதைச் செய்தார். கிராமத்தவர்களைக் காவல் உள்ள நகரங்களுக்கு ஓட்டிவந்து அடைத்தார். பட்டினியிலும் நோயிலும் லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் கசாப்புக்காரர் என்று எழுதின. இது நாகரிகமான போர் இல்லை, அழித்தொழிப்பு என்று அதிபர் மெக்கின்லி கண்டித்தார். 1898இல் அமெரிக்கா ஸ்பெயின் மேல் போர் தொடுத்ததற்கு இந்தக் கொடுமையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தப் போரில் அமெரிக்கா கையில் பிலிப்பைன்ஸ் வந்தது. பிலிப்பினோக்கள் எதிர்த்தார்கள். 1901 டிசம்பரில் பட்டாங்காஸ் மாகாணத்தில் அமெரிக்கத் தளபதி பெல் கிராமத்தவர்களை வேலிக்குள் அடைக்க உத்தரவு போட்டார். நான்கு மாதத்தில் எதிர்ப்பு அடங்கியது. கண்டித்தவர்களே அதே வேலையைச் செய்ய நான்கு ஆண்டுகள்தான் பிடித்தன.

ஏறத்தாழ அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் தளபதி கிச்சனர், டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களின் பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தார். 26,000க்கு மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கறுப்பினத்தவர்களுக்குத் தனி முகாம்கள் இருந்தன. அங்கே இறந்தவர்களை யாரும் சரியாக எண்ணக்கூட இல்லை.

அரை நூற்றாண்டு தள்ளி, 1950இல் மலாயா. பிரிட்டிஷ் தளபதி பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி காட்டோரம் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலி போட்ட "புதிய கிராமங்களுக்கு" மாற்றப்பட்டார்கள். இந்த முறை குடிநீர், பள்ளிக்கூடம், நிலப்பட்டா எல்லாம் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்கள். திட்டம் வேலை செய்தது. அதற்கு வேலி மட்டும் காரணமில்லை. கம்யூனிஸ்ட் போராளிகள் பெரும்பாலும் சிறுபான்மைச் சீனச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு நட்பான எல்லை கிடையாது, 1957இல் விடுதலை தருவதாக ஆங்கிலேயரே சொல்லிவிட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கண்ணில் பட்டது வேலிதான்.

அந்த மலாயா அனுபவத்தைத் தலையில் சுமந்துகொண்டு 1961இல் சைகோனுக்குப் போனார் ராபர்ட் தாம்சன், பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவின் தலைவராக. அடுத்த ஆண்டு தென் வியட்நாமில் "வியூகக் கிராமங்கள்" திட்டம் தொடங்கியது. மலாயாவில் பெயர்க்கப்பட்டவர்கள் பட்டா இல்லாமல் அண்மையில் குடியேறியவர்கள். மீகாங் கழிமுகத்து விவசாயிகளோ தலைமுறை தலைமுறையாக அதே வயலில் இருந்தவர்கள், முன்னோர்களின் கல்லறைகளும் அங்கேதான். அவர்களை அங்கிருந்து நகர்த்தியது போராளிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததுபோல ஆனது. இதில் ஒரு கூத்து வேறு. திட்டத்தை முன்னின்று வேகப்படுத்திய அதிகாரி ஃபாம் நோக் தாவ் உண்மையில் கம்யூனிஸ்டுகளின் உளவாளி. வேகமாகச் செய்தால் மக்கள் வெறுப்பார்கள் என்று தெரிந்தே அவர் அவசரப்படுத்தினார் என்று பின்னாளில் தெரியவந்தது. 1963 நவம்பரில் அதிபர் டியெம் கொல்லப்பட்டதும் திட்டமும் சரிந்தது.

கென்யாவில் பத்து லட்சத்துக்கு மேல், அல்ஜீரியாவில் சுமார் இருபது லட்சம் என்று இந்தப் பட்டியல் இன்னும் நீளும். நான் சொல்ல வருவது இதுதான்: இங்கே வரலாறு தானாகத் திரும்பவில்லை. ஆட்கள் அதைப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அயர்லாந்தில் பிறந்த சார்லஸ் டெகார்ட் கல்கத்தாவில் போலீஸ் கமிஷனராக இருந்து வங்கப் புரட்சிக்காரர்களை வேட்டையாடினார். 1937இல் அவரைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பெயரிலேயே கான்கிரீட் காவல் கோட்டைகள் எழுந்தன, வடக்கு எல்லையில் முள்வேலி போடப்பட்டது. அவருக்கு முன்பே, அயர்லாந்தில் அட்டூழியத்துக்குப் பேர்போன துணைப் போலீஸ்காரர்கள் நூற்றுக்கணக்கில் 1922இல் பாலஸ்தீனக் காவல் படைக்கு மாறியிருந்தார்கள். தியென் பியென் பூவில் சிறைப்பட்ட பிரெஞ்சு அதிகாரி பிஜார்ட் 1957இல் அல்ஜியர்ஸ் நகரில் படை நடத்தினார். இந்தோசீனாவில் தோற்றதற்கு இங்கே கணக்குத் தீர்க்க வந்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை.

எதிர்த் தரப்பிலும் இதே போக்குவரத்து உண்டு. டப்ளினில் 1916 ஈஸ்டர் வாரத்தில் நடந்த எழுச்சி, வங்காளத்தில் சூர்யா சென்னுக்கும் தோழர்களுக்கும் பாடப்புத்தகம் போல இருந்தது. தங்கள் அமைப்புக்கு அயர்லாந்துக் குடியரசுப் படையை நினைவூட்டும் வகையில் இந்தியக் குடியரசுப் படை என்று பேர் வைத்தார்கள். சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்க அவர்கள் பார்த்து எடுத்த நாள் 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி. அந்தத் தேதியால் ஒரு நஷ்டமும் வந்தது: ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கப் போன குழுவுக்கு அங்கே யாருமே அகப்படவில்லை, பண்டிகை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். தியென் பியென் பூ மே மாதம் விழுந்தது. அதே 1954 நவம்பர் 1இல் அல்ஜீரியாவில் துப்பாக்கி வெடித்தது. அந்த அல்ஜீரியப் போராளிகளின் மொராக்கோ முகாமுக்கு 1962இல் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் நெல்சன் மண்டேலா.

நகல் எடுப்பதைத் தவிர, பேரரசு இருக்கும் இடமே சில பழக்கங்களைத் தானாக உண்டாக்கிவிடுகிறது. தூரத்து நாட்டை ஆள உள்ளூர் ஆட்கள் தேவை. அவர்களுக்குப் பயிற்சியும் பதவியும் கொடுக்க வேண்டும். கொடுத்தால், ஒருநாள் உங்களைத் தோற்கடிக்கத் தெரிந்தவர்களையும் நீங்களே தயார் செய்கிறீர்கள். கி.பி. 9இல் டூட்டோபர்க் காட்டில் மூன்று ரோமானியப் படைப்பிரிவுகளை அழித்த ஜெர்மானியத் தலைவர் அர்மினியஸ் ரோமக் குடிமகன், ரோமத் துணைப்படையில் அதிகாரியாக இருந்தவர். ஆளுநர் வாரஸ் அவரை நம்பித்தான் அந்தக் காட்டு வழியில் போனார். அதே சமயம் எதிர்ப்பாளர்களின் பக்கத்தில் எப்போதும் இருக்கும் நோய் உட்பகை. அர்மினியஸைக் கொன்றது ரோம் இல்லை, கி.பி. 21இல் அவருடைய உறவினர்களே கொன்றார்கள்.

இன்னொரு திரும்புதல் எல்லாவற்றையும்விடச் சங்கடமானது. எதிர்த்து நின்றவர்கள் தாங்களே பேரரசாவது. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகத்தை எதிர்த்து நின்ற ஏதென்ஸ், 64 ஆண்டுகள் கழித்து மீலாஸ் என்ற சிறு தீவு தனக்குப் பணியாததற்காக அங்கிருந்த ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. ஸ்பெயினிடமிருந்து விடுதலை கேட்டு எண்பது ஆண்டுகள் போரிட்ட டச்சுக்காரர்கள் அந்தப் போர் முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லை. ஸ்பெயினுடனான போர்நிறுத்தம் முடிந்த அதே 1621இல், ஜாதிக்காய் வணிகத்துக்காக இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பாண்டா தீவுகளின் மக்களை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தார்கள். 1945 மே 8இல் நாஜி ஜெர்மனியின் தோல்வியைப் பிரான்ஸ் கொண்டாடியது. அதே நாளில் அல்ஜீரியாவின் செடிஃப் ஊர்வலத்தில் விடுதலைக் கொடி பிடித்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு, அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கொலை. ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று அப்போதுதான் அனுபவித்து முடித்தவர்கள் இவர்கள். அந்த அனுபவம் கையைத் தடுக்கவில்லை.

கடைசியாக வியட்நாமையே பார்க்கலாம். 1978 டிசம்பரில் அது கம்போடியாவுக்குள் படை அனுப்பியது. கெமர் ரூஜ் என்ற கொலைகார ஆட்சியை அது ஒழித்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. எல்லா ஆக்கிரமிப்பும் ஒரே தரம் இல்லை. ஆனால் வந்த படை பத்து ஆண்டுகளுக்கு மேல் தங்கியது. பின்வாங்கிய கெமர் ரூஜ் தாய்லாந்து எல்லையில் முகாம் போட்டு, சீன ஆயுதங்களோடு கெரில்லாப் போர் நடத்தியது. இரண்டு பேரரசுகளை விரட்டிய வியட்நாமியர்களுக்கு இப்போது பிரெஞ்சுக்காரர்களின் தலைவலி. அவர்கள் கண்ட மருந்தும் பழையதுதான். 1980களின் நடுவில் எல்லை நெடுகக் காட்டை வெட்டி, அகழியும் கண்ணிவெடியும் போட்டு அடைக்கும் கே-5 என்ற திட்டம் நடந்தது. கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்ட கம்போடிய விவசாயிகள் மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் ஏராளமாகச் செத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு தடுப்புக் கோட்டைத் தென் வியட்நாமில் அமெரிக்கா போட முயன்றபோது அதைக் கேலிக்கூத்தாக்கியவர்கள் இவர்கள்தான்.

சோவியத் படை 1989 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானை விட்டது. வியட்நாமியப் படை அதே ஆண்டு செப்டம்பரில் கம்போடியாவை விட்டது. இரண்டு இடத்திலும் வெளியேறிய படை தான் அமைத்த ஓர் அரசை விட்டுச் சென்றது, எதிரில் எல்லைக்கு அப்பால் உதவி பெறும் கெரில்லாக்கள், பின்னால் வறண்டுகொண்டிருந்த அதே மாஸ்கோ பணம். காபூலில் நஜிபுல்லா அரசு எல்லோரும் நினைத்ததைவிட அதிக நாள் தாக்குப்பிடித்து, சோவியத் யூனியன் மறைந்து உதவி நின்ற பிறகு 1992 ஏப்ரலில் விழுந்தது. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 1985இல் பிரதமரான ஹுன் சென் ஐ.நா. மேற்பார்வையில் ஒப்பந்தம், 1993 தேர்தல், சில ஆண்டுகள் இணைப் பிரதமர் என்று வளைந்து நெளிந்து, கெமர் ரூஜ் தளபதிகளை ஒவ்வொருவராகத் தன் பக்கம் இழுத்து, 2023 ஆகஸ்ட் வரை பதவியில் இருந்தார். பதவியைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.